முதலமடை மாந்தோப்பில் ஒரு கீமேன்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறந்ததும் நம் சங்கத்து நண்பர்களில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். "என்ன சார், உங்க ஊர் மாம்பழம் மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு போலிருக்கே!" என்பார். ரத்னகிரி அல்போன்சா மும்பைக்கு வந்து குவிவதற்கு முன்பே, பாலக்காடு மாவட்டத்து முதலமடையிலிருந்து மாம்பழம் வடக்கே புறப்பட்டுவிடும். இந்தியாவில் முதன்முதலாகச் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் அதுவும் ஒன்று. நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். எனக்கும் அங்கே, கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் பக்கத்தில், அப்பா வைத்துவிட்டுப் போன மூன்று ஏக்கர் மாந்தோப்பு உண்டு.

2023 பொங்கலிலிருந்து அந்தத் தலையாட்டல் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. விவசாயத்தில் கம்ப்யூட்டர், செல்போன், டிரோன் எல்லாம் வந்துவிட்டனவே, அதனால் பூச்சி மருந்து குறையுமா என்று நண்பர்கள் கேட்பதற்கும் இதிலேயே பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். நான் விவசாய விஞ்ஞானி அல்லன். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, கல்யாணுக்கும் இகத்புரிக்கும் இடையில் முக்கால் ஆயுளைக் கழித்து 2018இல் ஓய்வு பெற்றவன். ஆகவே எதைப் பார்த்தாலும் தண்டவாளமாகத்தான் எனக்குத் தெரியும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் கடை, கோயில், சண்டை எல்லாம் தமிழில்தான் நடக்கும். தோப்பைப் பல வருடங்களாகப் பாட்டத்துக்கு விட்டிருந்தோம். பூப்பதற்கு முன்பே ஒரு வியாபாரி மொத்தமாக ஒரு தொகை தந்துவிடுவார். பூவும் காயும் அவர் பாடு. வெளியூரில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா? வருடத்துக்கு ஒரு முறை பணம் பாங்கில் வந்து விழும். அதற்குமேல் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அன்று காலை தோப்புக்குள் நுழைந்தபோது, மருந்தடிக்க வந்த பையன் ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வாயில் எச்சில் ஒழுகியபடி இருந்தது. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தது. என் தங்கை வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் அவனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள, கொல்லங்கோட்டுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அட்ரோபின் ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டான். நான்கு நாளில் வீடு திரும்பினான்.

அவன் என்ன மருந்து அடித்தான் என்று டாக்டர் கேட்டபோது எங்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாட்டக்காரரின் ஆள் மூன்று பாட்டில்களை ஒன்றாகக் கலந்து டிரம்மில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். எந்த மூன்று, எவ்வளவு, கடைசியாக எப்போது அடித்தது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. ரயில்வேயில் ஒரு போல்ட்டை முடுக்கினால்கூட ரிஜிஸ்டரில் எழுதுவோம். என் சொந்த நிலத்தில், என் பெயரில் பட்டா உள்ள இடத்தில், ஒரு மனிதன் சாகக் கிடக்கிறான். கேட்டதற்குக் காட்ட ஒரு ரிஜிஸ்டர் இல்லை.

அதே வாரத்தில்தான் கேரள உயர்நீதிமன்றம் சபரிமலை அரவணைப் பாயச விற்பனையை நிறுத்தி உத்தரவு போட்டது. அதில் சேர்த்த ஏலக்காயில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பூச்சி மருந்து இருந்ததாக ஆய்வறிக்கை சொன்னது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் விற்பனைக்குப் போகாமல் தேங்கின. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் ஏலக்காய் என்றாலே மருந்து என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. என் மனைவியின் அண்ணனுக்கு இடுக்கி மாவட்டம் நெடுங்கண்டம் பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். அவர் போனில் சொன்னார்: "மாப்பிள்ளை, நாங்க அடிக்கிறது பூச்சிக்கு இல்லீங்க. பயத்துக்கு."

அந்த வார்த்தையை நான் பல நாள் யோசித்தேன். பூச்சிக்காக அடிப்பது வேறு, பயத்துக்காக அடிப்பது வேறு. பாட்டக்காரர் பணத்தை முன்கூட்டியே போட்டுவிட்டார். பூ உதிர்ந்தால் அவர் முதல் போய்விடும். ஆகவே பத்து நாளுக்கு ஒரு தடவை, பூச்சி இருக்கிறதோ இல்லையோ, அடிப்பார். அடுத்த வருடம் அந்த மண் என்ன ஆகும், தேனீ என்ன ஆகும் என்பது அவர் கணக்கில் வராது. அடுத்த வருடம் அவர் வேறு தோப்பு எடுப்பார். அவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. பாட்டம் என்ற ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் நான்தான்.

இனி தண்டவாளத்துக்கு வருகிறேன். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் தண்டவாளத்தை அதன் வயதைப் பார்த்து மாற்றுகிற பழக்கம் பெரிதும் இருந்தது. இத்தனை வருடம், இத்தனை கோடி டன் வண்டி ஓடியாயிற்று, மாற்று. பிறகு அல்ட்ராசானிக் கருவி பரவலாக வந்தது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்டவாளத்துக்குள் செலுத்தி, உள்ளே விரிசல் இருந்தால் எதிரொலியில் கண்டுபிடிக்கும். சிறிய குறையானால் தண்டவாளத்தின் இடுப்பில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போடுவோம். அதற்குக் 'கவனத்தில் வை' என்று பொருள். ஆபத்தான குறையானால் மூன்று பெருக்கல் குறி: உடனே எடு. மற்றபடி நன்றாக இருக்கும் தண்டவாளத்தை யாரும் தொடமாட்டார்கள். சோதனை எப்போது செய்வது என்பதையும் தேவையைப் பார்த்தே தீர்மானித்தோம்.

கருவி எவ்வளவு வந்தாலும், கீமேன் என்ற மனிதர் தினம் காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் வைத்துக்கொண்டு தன் பீட் முழுவதும் நடந்துகொண்டுதான் இருந்தார். சாவி கழன்றிருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, அங்கேயே சரி செய்வார். எங்கள் பாதுகாப்பு எல்லாம் முதலில் அவர் காலில்தான் இருந்தது.

விவசாயத்திலும் இதே யோசனை நான் பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 1959இல் கலிஃபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் என்ற நான்கு பூச்சியியல் அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வயலில் பூச்சி இருப்பது ஒரு குற்றமல்ல. அது செய்யும் சேதம் மருந்துச் செலவைவிட அதிகமாகப் போகிறது என்ற கட்டம் வரும்போதுதான் மருந்தை எடுக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கட்டத்தை நம் வேளாண்மைத் துறையினர் 'பொருளாதாரச் சேதநிலை' என்கிறார்கள். என் கணக்கில் அது மூன்று பெருக்கல் குறி.

நெல்லில் புகையான் என்ற பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து யோசிக்கலாம் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். பார்த்தீர்களா, சிலந்தியையும் ஊழியர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்! அவசரப்பட்டு மருந்தடித்தால் முதலில் சாவது அந்தச் சிலந்திதான். புகையானின் முட்டை தண்டுக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வெளியே வரும்போது தின்ன ஆளில்லை. அடித்த பிறகு பூச்சி பெருகும் அதிசயம் இப்படித்தான் நடக்கிறது. இந்தோனேசியா இதை அனுபவித்துப் புரிந்துகொண்டது. 1986இல் அந்நாட்டு அதிபர் நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தார். மருந்துக்குத் தந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தி, விவசாயிகளை வயலில் இறக்கிப் பூச்சியை எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். மருந்து குறைந்தது, நெல் குறையவில்லை.

ஆக, மருந்தைக் குறைப்பதன் ரகசியம் எண்ணுவதில் இருக்கிறது. டிஜிட்டல் தொழில்நுட்பம் எங்கே வருகிறது என்றால், இந்த எண்ணும் வேலையைச் சுலபமாக்குவதில் வருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் நேரே டிரோன் வாங்கப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏனென்று சொல்கிறேன்.

டிரோன் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பாலக்காட்டு நெல்வயல்களில் இப்போது அது பறப்பதைப் பார்க்கலாம். 2021இல் டிரோன் விதிகள் தளர்த்தப்பட்ட பிறகு பரவ ஆரம்பித்தது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000க்கு டிரோன் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு 2023 நவம்பரில் அறிவித்தது. சாதாரணமாகப் பத்து லிட்டர் டாங்க். ஒரு ஏக்கரை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு இருநூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் டிரோனுக்குப் பத்து லிட்டர் போதும். மருந்தடிக்கிறவர் மருந்துப் புகைக்குள் நடக்க வேண்டியதில்லை. இது பெரிய நன்மை. அந்தப் பையனைப் பார்த்த நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மிச்சமானது தண்ணீர்தான். ஏக்கருக்கு வேண்டிய மருந்தின் அளவு பெரும்பாலும் அதேதான். குறைந்த தண்ணீரில் கெட்டியாகப் போகிறது. தேவையில்லாத மருந்தை வேகமாக அடிக்க ஒரு இயந்திரம் கிடைத்தது என்றுகூட ஆகிவிடலாம்.

இன்னொன்று, நம் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு பெரிய கதவு. கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து அதன் வழியே வீசும் காற்றை விருச்சிகக் காற்று என்பார்கள். துணி காயப்போட்டால் பக்கத்து ஊரில் தேட வேண்டும். மா பூப்பதும் அதே மாதங்களில்தான். மேலிருந்து பொடித்துளியாக விடும் மருந்து எந்தக் கிணற்றில் போய் இறங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? கேரளத்துக்காரர்களுக்கு ஆகாயத்திலிருந்து மருந்து என்றாலே நெஞ்சு பதறும். அதற்குக் காரணம் உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அதன் விளைவுகளை அங்குள்ள குடும்பங்கள் இன்றும் சுமக்கின்றன. 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்தை நிறுத்தியது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. முதலமடைத் தோப்புகளிலும் அந்த மருந்து புழங்கியது என்பதும், குழந்தைகளின் நோய்கள் பற்றி அங்கும் பேச்சு எழுந்தது என்பதும் ஊரில் யாருக்கும் தெரியாததல்ல.

ஏலத்தோட்டத்தில் டிரோன் கதை இன்னும் சுருக்கம். ஏலச்செடி நிழலில் வளர்வது. மேலே பலாவும் காட்டு மரங்களும் கூரை போட்டிருக்கும். மேலிருந்து தெளித்தால் மருந்து மரத்துக்குத்தான் போகும். பூவும் காயுமோ செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் இருக்கிறது.

இடுக்கியில் டிஜிட்டல் வேறு வாசல் வழியாக நுழைந்துவிட்டது. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் புற்றடியிலும், மலைக்குக் கீழே நம் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டில் ஏலக்காய் மின்-ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்குகிறார்கள். நானே போடியில் ஒரு முறை பார்த்தேன். (போடிக்கு 2010இல் நின்றுபோன ரயில் அகலப் பாதையாகி 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. இடுக்கி மாவட்டத்துக்கு இன்றும் ரயில் கிடையாது. மூணாறில் ஆங்கிலேயர் போட்ட குண்டளா சிறு ரயில் 1924 வெள்ளத்தோடு போனது போனதுதான். ரயில்வேக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.) ஏலக்காயின் பச்சை நிறத்துக்கும் பருமனுக்கும் விலை உண்டு. இலைப்பேன் என்ற பூச்சி சுரண்டினால் காயின் மேல் சொறி விழும். சொறி விழுந்தால் விலை விழும். சொறி கண்ணுக்குத் தெரிகிறது, மருந்து தெரிவதில்லை. சோதனை செய்த ஏலக்காய்க்கென்று தனி ஏலங்களும் அண்மை ஆண்டுகளில் நடத்திப் பார்த்தார்கள். ஆனால் வழக்கமான ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது கண்தான். ஆகவே விற்பது கம்ப்யூட்டரில், வளர்ப்பது பயத்தில் என்று இருக்கிறது நிலைமை.

என் மைத்துனரோடு ஒரு விடியற்காலை தோட்டத்தில் நடந்தேன். ஏலப்பூ காலையில் மலர்ந்து ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய். "முன்னெல்லாம் இந்நேரத்துக்குக் காதடைக்கிற மாதிரி ரீங்காரம் இருக்கும்" என்றார். நாங்கள் நின்ற இடத்தில் கம்பம்மெட்டு வழியாக வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்பின் சத்தம்தான் கேட்டது. அந்தப் பெண்கள் தினமும் தேனி மாவட்டத்திலிருந்து மலையேறி வந்து, மருந்து காயாத செடிக்கடியில் குனிந்து காய் எடுப்பவர்கள். மைலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் வேர்ப்புழுவுக்கு மருந்துக்குப் பதிலாக நுண்ணிய நூற்புழுக்களைத் தருகிறது. அவை மண்ணுக்குள் வேர்ப்புழுவைத் தேடிப்போய்க் கொல்லும். அவரும் ஒரு பகுதியில் போட்டிருக்கிறார். பலன் உண்டு என்கிறார். இலைப்பேன் விஷயத்தில் மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.

சரி, நான் என்ன செய்தேன்? 2023-24 பருவத்தில் மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கரைப் பாட்டத்துக்கு விடாமல் நிறுத்தினேன். நாற்பது மரம். தங்கை வீட்டுக்காரருக்கு நான்தான் மச்சான். அவர் எனக்கு மாப்பிள்ளை. "மச்சான், பூச்சியை எண்ணறதுங்களா? சனங்க சிரிப்பாங்க" என்றார். சிரிக்கட்டும் என்றேன். மரங்களுக்கு எண் எழுதினோம். வாரம் இரண்டு முறை, காலையில், பத்து மரம். ஒவ்வொன்றிலும் நான்கு திசைக்கு ஒரு பூங்கொத்து. ஒவ்வொரு கொத்திலும் தத்துப்பூச்சி எத்தனை என்று எண்ணிச் செல்போனில் போட வேண்டும். கொத்துக்கு ஐந்து பூச்சி வந்தால் மருந்து. அதற்குக் கீழே என்றால் கவனத்தில் வை. எண்களை அவர் அங்கிருந்து அனுப்ப, நான் இங்கே டோம்பிவிலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவேன். பேத்திதான் சொல்லிக்கொடுத்தாள். கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது ஒரு எண்ணைவிட முக்கியம்.

பழ ஈக்குக் கவர்ச்சிப் பொறி வைத்தோம். மெத்தில் யூஜினால் என்ற பொருளின் வாசனைக்கு ஆண் ஈக்கள் வந்து விழும். இதில் டிஜிட்டல் ஒன்றுமில்லை, ஒரு பிளாஸ்டிக் டப்பாதான். விழுந்த ஈயைக் காமிராவே எண்ணி அனுப்பும் பொறிகளும் உலகில் உண்டு. நமக்கு டப்பாவும் மாப்பிள்ளையும் போதும்.

வெப்பமானியும் வைத்தோம். பூச்சிக்கு வயது நாள்கணக்கில் ஏறுவதில்லை, சூட்டுக்கணக்கில் ஏறுகிறது. குளிர்ந்த வாரத்தில் மெதுவாக வளரும். வெயில் வாரத்தில் விறுவிறுவென்று. வண்டிச் சக்கரத்தின் தேய்மானத்தை அது ஓடிய கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடுவது போல, முட்டை எப்போது பொரிக்கும் என்பதைத் தினசரி வெப்பத்தைக் கூட்டிக் கணக்கிடலாம். தானியங்கி வானிலை நிலையங்கள் இந்தக் கணக்கைத்தான் செய்து, மழையும் ஈரமும் எத்தனை மணி நேரம் இலையில் நின்றது என்பதைச் சேர்த்து, பூஞ்சை நோய் வருமா என்று முன்கூட்டிச் சொல்கின்றன. ஏலத்தில் வரும் அழுகல் நோய்க்கும் ஈரம்தான் தாய்.

படம் எடுத்தால் பூச்சியின் பெயர் சொல்லும் செயலிகளையும் சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் வெள்ளையாகப் பஞ்சு போர்த்திய ஒரு புழுவின் படத்தைப் போட்டோம். மாவுப்பூச்சி, உடனே மருந்தடிக்கவும் என்று பதில் வந்தது. மருந்தின் பெயர், பக்கத்துக் கடை எல்லாம் வந்தது. பிறகு வேளாண் அலுவலர் ஒருவரிடம் காட்டினோம், சிரித்துவிட்டார். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி போலவே வேஷம் போட்டுக்கொண்டு அதன் நடுவில் உட்கார்ந்து அதையே தின்பது. கண்ணை ஏமாற்றுவது காமிராவையும் ஏமாற்றிவிட்டது. செயலி சொல்வதைக் கேளுங்கள்; அதன் பின்னால் ஒரு மருந்துக்கடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பும் படம் பார்த்துச் சொல்வதுதான். அதற்கு விற்பனை நோக்கம் இல்லை. சந்தேகம் வந்தால் மனிதரோடு பேச 2004 முதல் இருக்கும் கிசான் கால் சென்டரில் தமிழிலேயே பேசலாம்: 1800-180-1551.

நாம் வாழும் மகாராஷ்டிரமே இந்த விஷயத்தில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது, நமக்குத்தான் தெரியாது. 2008இல் விதர்பாவிலும் மராட்வாடாவிலும் சோயாப் பயிரைப் புழு தின்று தீர்த்தது. அடுத்த ஆண்டே கிராப்சாப் என்ற திட்டம் வந்தது. ஆட்கள் வயல் வயலாகப் போய்ப் பூச்சியை எண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். எந்த வட்டாரத்தில் சேதநிலை தாண்டுகிறது என்று பார்த்து, அந்த விவசாயிகளுக்கு மட்டும் செல்போனில் தகவல் போகும். ஸ்மார்ட்போன் பரவாத காலம், சாதாரண எஸ்.எம்.எஸ். தான். என் ஒரு ஏக்கர் எண்ணிக்கை ஒரு கீமேனின் பீட் என்றால், இது முழு டிவிஷனின் கன்ட்ரோல் அறை. முதலமடைத் தோப்புக்காரர்கள் நூறு பேர் தங்கள் எண்களைச் சேர்த்தால் பூச்சி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதே தெரிந்துவிடும். இதுவரை நூறு பேர் சேரவில்லை. மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம்.

பலன் என்னவென்று கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். பாட்டக்காரரின் இரண்டு ஏக்கரில் அந்தப் பருவம் ஒன்பது முறை மருந்து அடித்தார்கள். எங்கள் ஏக்கரில் மூன்று முறை. அதில் ஒன்று வேப்பெண்ணெய். ஆனால் ஜனவரியில் இலைப்பேன் வந்தபோது நாங்கள் தத்துப்பூச்சியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். பார்க்காததை எண்ண முடியாதல்லவா? நாற்பதில் பன்னிரண்டு மரத்துப் பூ கருகிவிட்டது. கூட்டிக் கழித்ததில் அந்த ஏக்கர் பாட்டத் தொகையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் தந்தது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததே எனக்குப் புரிந்தது. அடுத்த பருவம் வெள்ளைக் காகிதத்தில் பூங்கொத்தைத் தட்டி, விழும் இலைப்பேனையும் எண்ணச் சேர்த்துக்கொண்டோம். நான்கு முறை அடித்தோம். தொகை பாட்டத்தைத் தாண்டியது. ஒரே ஒரு வருடத்தை வைத்து நான் வெற்றி என்று சொல்லமாட்டேன். பூக்கும் மாதத்தில் மழை பெய்திருந்தால் கதையே வேறு.

மீதி இரண்டு ஏக்கரை முழுவதும் திரும்ப எடுக்க எனக்கு வயதும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே பாட்டச் சீட்டில் இரண்டு வரி சேர்த்தேன். அடிக்கும் ஒவ்வொரு மருந்தின் பாட்டிலையும் லேபிள் தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டும். லேபிளில் சிவப்பு முக்கோணம் இருக்கும் மருந்து தோப்புக்குள் வரக்கூடாது. (முக்கோணம் சிவப்பானால் மிகக் கொடிய விஷம்; மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை இறங்கும். எழுத்துத் தெரியாதவருக்கும் இது புரியும்.) முதல் பாட்டக்காரர் இந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, "வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று எழுந்துவிட்டார். இரண்டாமவர் தொகையைக் குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். குறைந்த தொகையைத் தங்கைக்கு நான் என் பென்ஷனிலிருந்து ஈடுசெய்தேன். ஊரில் நிலத்தை வைத்துக்கொண்டு இங்கே இருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போனில் "பணம் வந்துடுச்சா?" என்று கேட்பதோடு "என்ன மருந்து அடிச்சாங்க, படம் அனுப்பு" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். எல்லோர் கையிலும் காமிரா இருக்கிற காலம் இது.

அந்தப் பையன் இப்போது எங்கள் ஏக்கரில் எண்ணுகிறான். மருந்தடிக்கப் போகமாட்டேன் என்று அவன் அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். மாப்பிள்ளையைவிட அவனுக்குக் கண் கூர்மை. நேற்றுக் காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன்.

"மச்சான், பதினேழாம் நம்பர் மரத்துல கொத்துக்கு ஆறு வந்துடுச்சுங்க. சுத்தி இருக்கிறதுல ரெண்டு, ஒண்ணுதான்."

"அந்த ஒரு மரத்துக்கு மட்டும் மூணு பெருக்கல் குறி போடச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். "காத்து எப்படி?"

"காத்து ஜாஸ்திங்க. சாயங்காலம் அடங்கினாப் பார்க்கலாம்."